தலை தெரிய ஒரு பெட்டி

"…பெட்டி இந்தக் கூடைக்குள்ள எறங்கணும், தம்பி. எறங்கினாலும் முழுசா முழுகிறக் கூடாது. தலை வெளிய தெரியணும்" என்று அம்மா சொல்லி முடித்ததும் ஹட்டன் கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையையே கையோடு கொண்டுவந்திருந்தார். அண்ணனோ இந்த அம்மாவை எங்கேயும் பார்த்ததில்லை என்பதுபோலச் சுவரிலிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தான்.

ஏ.எல். பரீட்சை முடித்த அண்ணன், ஒரு வருஷமாகப் பழைய பாகங்களைத் தேடித்தேடிச் சேர்த்து, தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பரா வீட்டில் ஒரு பலகைமேல் கம்ப்யூட்டர் கட்டியிருந்தான். குடல் குந்தாணியெல்லாம் வெளியே தெரிய அது ஓடும். எங்கள் பக்கத்துப் பனியில் உப்பே நீராகிவிடும். "பச்சப்புள்ளய இப்பிடி அம்மணமா போட்டா சளி புடிக்காதா?" என்று அம்மா ஒருநாள் துண்டைப் போர்த்த, சூடேறி அது நின்றே போனது. அப்பாதான், "ஆனைய வாங்கினவன் அங்குசத்துக்கு அழுவானா?" என்று அதை மூட ஒரு பெட்டி வாங்கக் காசு கொடுத்தார்.

கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வழியில் கங்காணி, அம்மாவைச் சீண்டாமல் விடமாட்டார். "என்னா தங்கச்சி, படிச்ச மகன் இன்னும் பழைய சாமான்தான் பொறுக்குறாரா? தோட்டத்துல தண்ணிக் கான் வெட்டவாவது அனுப்பலாமே." கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா குனிந்தபடி நடப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றே நினைத்திருந்தேன்.

கடையில் அண்ணனுக்கு நீல விளக்கு எரியும் குட்டைப் பெட்டிமேல் கண். அம்மா அதைக் கூடைக்குள் விட்டுப் பார்த்தார்.

"அடைகாக்குற கோழி மாதிரி அடியில போயி குந்திக்கிச்சு. வேற காட்டுங்க தம்பி."

மூன்றாவதாக வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு நெட்டைப் பெட்டி. விளக்குமில்லை, ஒன்றுமில்லை. ஆனால் கூடை விளிம்புக்கு மேலே ஒரு சாண் நிமிர்ந்து நின்றது.

"நம்ம சாமானுக்கு இவ்வளவு எடம் எதுக்கும்மா?" என்றான் அண்ணன்.

"நாளைக்கு வளரும்ல" என்றார் அம்மா, பள்ளிக்கூடச் சட்டை எடுக்கிற அதே குரலில்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "நான் தூக்குறேம்மா" என்ற அண்ணனை விலக்கிவிட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டார். குறுக்குப் பாதை இருக்க, கொழுந்து நிறுக்கும் மடுவத்தைச் சுற்றிப் போகும் ரோட்டில் இறங்கினார். கால் வலிக்கிறது என்று நான் சிணுங்கினேன். சாயங்கால நிறுவை நேரம். மலையில் நின்ற அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"என்னா தங்கச்சி, மகனுக்கு என்னா வாங்கினீங்க?" என்றார் கங்காணி.

பெரியவர்கள் கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அம்மாதான். அன்றைக்கு அவர் செய்த மரியாதையில்லாத காரியத்தில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கங்காணிக்கும் அத்தனை பேருக்கும் கூடை தொங்கும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, இறுகலாகவே இருந்த தலைக்கயிற்றை நிதானமாக, ரொம்ப நிதானமாக, சரிசெய்துகொண்டிருந்தார்.