வான்கல்லும் என் மீசையும்

அறுபதுகளின் தொடக்கத்தில் கீரமங்கலம் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் அறிவியல் வாத்தியார். வானத்திலிருந்து விழும் கற்களில் உயிரின் தடயம் இருக்கிறதா என்று மேல்நாட்டு விஞ்ஞானிகள் துருவுவதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, ஆசிரியர் அறையில் அளந்துகொண்டிருந்தேன். கணக்கு வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

"வேற கிரகத்துல உசுரு இருக்குன்னு காட்டுங்க, என் மீசையை எடுத்துடறேன். வர்ற திங்கக்கிழமைக்குள்ள காட்டலைன்னா ஒங்க மீசை போகும். சரியாங்க?"

எனக்கு அடுத்த வாரம் கல்யாணம். என் முகத்தில் பெண் வீட்டார் மெச்சியதே அந்த மீசை ஒன்றைத்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாளே ஒரு விவசாயியின் கடலைக் கொல்லையில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. விழுந்தடித்து ஓடினேன். கருகிய தோலும் குழிகளுமாக, சாட்சாத் வான்கல்! நுண்ணோக்கி இருந்த அலமாரியின் சாவியோ ஊருக்குப் போயிருந்த தலைமையாசிரியரிடம். "திங்கக்கிழமை எடுத்துக்கறேன், அதுவரைக்கும் யாரும் கையால தொடாதீங்க" என்று அந்த வீட்டம்மாவிடம் கெஞ்சிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கல் லேசாக ஈரமாயிருந்தது. பனி என்று நினைத்தேன். பள்ளிக்கு எடுத்து வந்து, அதன் குழியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், அடேயப்பா! செருப்பு வடிவத்தில் ஏதோ ஒன்று ஓடுகிறது, பின்னாலேயே இன்னொன்று துரத்துகிறது. எங்கள் பாடப்புத்தகத்திலும் அதே படம் இருந்தது. செவ்வாயிலும் இதே பாடத்திட்டம்தான் போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கணக்கு வாத்தியாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்; நாவிதர் வந்துவிட்டார். வேப்பமரத்தடி முக்காலியில் கணக்கு வாத்தியார் இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கல் விழுந்த வீட்டம்மா செம்பும் கையுமாக வந்தார்.

"சார், சாமி எங்கிட்டு இருக்காரு? இன்னும் காலைக் குளிப்பு ஆகலை."

"குளிப்பா?"

"வானத்துலேருந்து எறங்கி வந்தவரை அழுக்கோடயா வச்சிருக்கறது? ரெண்டு வேளையும் ஊருணித் தண்ணி ஊத்துனேன்."

"தொடக் கூடாதுன்னு சொன்னேனே, ஆத்தா!"

"எங்க தொட்டேன்? வாழை எலையாலதானே புடிச்சுக் குளிப்பாட்டுனேன்!"

கணக்கு வாத்தியார் துள்ளி எழுந்தார். செம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அவரே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதே செருப்புகள், அதே ஓட்டம்.

"ஒங்க செவ்வாய்க்காரங்க நம்ம ஊருணியிலதான் குடியிருக்காங்க போல," என்றபடி துண்டால் முக்காலியைத் துடைத்துவிட்டு என்னை உபசரித்தார். "கத்தி தீட்டியாச்சு, யாரா இருந்தாலும் சீக்கிரம் உக்காருங்க" என்றார் நாவிதர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணத்தன்று மணவறையில் பெண் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். தாலி கட்டி முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தது ஒங்க அண்ணனாங்க?"

எனக்கு அண்ணனே கிடையாது.