மூளைப் படமும் பச்சைப் புள்ளியும்

மனித மூளையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்துச் சோறு தின்பவன் நான். வைஃபை படுத்தால் என் தொழிலும் படுத்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் டியூஷன் நடத்துகிறேன். கல்லூரியில் மூளைப் பாடத்தில் கோட்டைவிட்ட பிசியோதெரபி மாணவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். மூளையைக் குறுக்கே வெட்டி எடுத்த படத்தில் நானே புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து, அவர்கள் போனுக்கு அனுப்பிவிடுவேன். திரையில் ஒரு பெயர் வரும். அதற்குரிய புள்ளியைத் தொட வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. திரையைக் காட்டிப் பிழைக்கும் சக ஆசிரியர்களே, நான் பட்ட பாட்டை நீங்களும் பட்டிருப்பீர்கள்.

படத்தைத் திருப்பினேன்

முதல் வாரமே வகுப்பு முழுக்கப் பச்சை. பதினோரு பேரில் பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறார்கள். இவ்வளவு கெட்டிக்காரர்கள் எப்படி ஃபெயிலானார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தேன். பத்துப் பேருக்கும் சிவப்பு. மூளையை யாரும் படிக்கவில்லை. திரையில் மேலே மூன்றாவது, கீழே ஐந்தாவது என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நான் கத்தி முடித்ததும், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வரும் பிரகாஷ் கை தூக்கினான்.

"சார், பரீட்சையில மூளைய நேரா வெப்பாங்க லா. நீங்கதான் கவுத்து வெக்கிறீங்க."

கோமதியின் சிவப்பு

மீதி ஒருவர் கோமதி. வயது முப்பத்தெட்டு. கிள்ளானில் ஒரு பிசியோ கிளினிக்கில் பத்து வருடமாக உதவியாளர். பகுதிநேரமாக டிப்ளோமா படிக்கிறார். மூளைப் பாடத்தில் இரண்டு முறை தோற்றாகிவிட்டது; மூன்றாவது முறையும் தோற்றால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் அடுத்தவர் சொல்கிற நோயாளிக்கு வெந்நீர்ப் பை வைக்க வேண்டியதுதான். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

மற்றதெல்லாம் பச்சை வாங்குவார். பியூட்டமென், குளோபஸ் பாலிடஸ் என்று பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டில் மட்டும் தினமும் சிவப்பு. ஒன்றைக் கேட்டால் மற்றதைத் தொடுவார். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. யோசிக்காதீர்கள், படத்தை நம்புங்கள் என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சாரி சார். இனிமே யோசிக்கல. பச்சை எங்க வருதோ அங்கயே தொடுறேன்."

கொமுட்டரில் ஓர் ஆன்டி

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில்தான் கோமதியின் படிப்பெல்லாம். பச்சைக்குப் பழகிக்கொள்ளப் பார்த்தும், ஒருநாள் அந்த இரண்டு புள்ளிகளும் மாறி மாறிச் சிவக்க, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டு ஆன்டி எட்டிப் பார்த்தார். வெட்டிய மூளை, அதில் சிவப்புப் புள்ளி, அழுகிற பெண். இவருடைய ஸ்கேன் ரிப்போர்ட் என்றே முடிவு கட்டிவிட்டார். கோமதி மறுத்துச் சொல்லியும் நம்பவில்லை; கையைப் பிடித்துக்கொண்டு நெற்றியில் விபூதி வைத்துவிட்டுத்தான் இறங்கினாராம்.

"அழுவாதம்மா. என் தம்பிக்கும் இப்படித்தான் படத்துல செவப்பா தெரிஞ்சுச்சு, இப்ப லோரி ஓட்டுறான்."

கடைசி சனிக்கிழமை

திங்கள் காலை பரீட்சை. சனிக்கிழமை கடைசி வகுப்பு. கோமதி கல்லூரிப் புத்தகத்தை எடுத்து வந்து என் மேசையில் விரித்தார். புத்தகத்தில் வெளிப்பக்கம் இருப்பது பியூட்டமென், உள்பக்கம் குளோபஸ் பாலிடஸ். உங்கள் படத்தில் மாறி வருகிறதே, படம் எடுத்த கோணம் வேறா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

என் படத்தைத் திறந்தேன். இரண்டு பெயரையும் நான்தான் மாற்றிப் போட்டிருக்கிறேன். மூன்று வாரமாகச் சரியான இடத்தைத் தொட்டவருக்குச் சிவப்பு, தவறான இடத்தைத் தொட்டவர்களுக்குப் பச்சை. ஆமாம், கோணம்தான் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் திங்கட்கிழமை இந்த அம்மாள் எதை எழுதுவார் என்ற நினைப்பு வந்ததும் அந்தப் பொய் வரவில்லை. தப்பு என்னுடையது என்று வகுப்பில் சொன்னேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பிரகாஷ் மறுபடியும் கை தூக்கினான்.

"அப்போ மூணு வாரமா கரெக்டா சொன்னது அக்கா ஒருத்தங்கதானா சார்?"

ஜெஞ்சாரோமுக்கு ஒரு போன்

அன்றைக்கு வராதவன் ஜெஞ்சாரோமிலிருந்து வரும் குணா ஒருவன்தான். கூப்பிட்டால் அவனுடைய அப்பா எடுக்கிறார். படிப்பு கெடக் கூடாது என்று போனை அவரிடமே கொடுத்துவிட்டானாம். அவரோ எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலையாக நிற்கிறார். வேறு வழியில்லை, இரண்டு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, முன்பு சொன்னது மாறிவிட்டது, எது வெளியே எது உள்ளே என்று எழுதி மகனிடம் கொடுங்கள் என்றேன். முதலில் சொன்னது ஏன் மாறியது என்று கேட்டார். சொன்னேன். எழுதியதை ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டினார்.

"எழுதிக்கிட்டேன் சார். இதாவது உறுதிதானே?"

ஏழாவது தட்டு

பரீட்சையில் நிஜ மூளைத் துண்டுகளைத் தட்டுத் தட்டாக வைத்து, சின்னக் கொடி குத்திப் பெயர் கேட்பார்கள். திங்கட்கிழமை நண்பகலில் கோமதி கூப்பிட்டார். ஏழாவது தட்டில் கொடி குத்தியிருந்தது அந்த இரண்டில் ஒன்றின் மேல். பார்த்ததும் கை தானாகப் பழைய பச்சைப் பெயரையே எழுதப் போனதாம். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ண எழுதி, அடிச்சிட்டு, இன்னொண்ண எழுதினேன் சார். எத அடிச்சேன்னு இப்ப கேக்காதீங்க."

முடிவு வந்த நாள்

முடிவு வர மூன்று வாரம் ஆனது. பகலுக்குள் மற்ற பத்துப் பேரும் பாஸ் என்று செய்தி அனுப்பிவிட்டார்கள், குணா உட்பட. கோமதியிடமிருந்து எதுவும் இல்லை. நாலு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை. என்னால் ஒருவர் வாழ்க்கை போயிற்று என்றே நினைத்துவிட்டேன். ஆறு மணிக்கு, வேலை முடிந்து அவரே கூப்பிட்டார். பாஸ். ஏழாவது தட்டில் அடித்தது பழைய பச்சையைத்தானாம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"அது இருக்கட்டும் சார். அடுத்த செட்டுக்குப் படம் ரெடியானா மொதல்ல எனக்கு அனுப்புங்க. நான் பாத்து ஓக்கே சொன்னப்புறம் பிள்ளைங்களுக்குக் கொடுங்க."

ஆகவே, பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் மூளை இப்போதெல்லாம் கிள்ளானில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் மாடியேறுகிறது. சென்ற வாரம்கூட இரண்டு இடத்தில் சிவப்பு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.