நாலு தவறு

அச்சகத்தில் அவருக்குப் பெயர் சிவப்பு மை. பெற்றவர்கள் வைத்த பெயர் மேலாளருக்கே மறந்துபோயிருந்தது. பள்ளிக்கூடங்களுக்கான ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களில் பிழை திருத்துவது அவர் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். மர அளவுகோலை வாக்கியத்துக்கு அடியில் வைத்து, பக்கத்தின் கடைசி வாக்கியத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறுவார். மேலிருந்து படித்தால் விஷயம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும் என்பது அவர் கட்சி. முப்பது வருஷமாக அவரிடம் ஒரு பிழை தப்பியதில்லை.

மனைவி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஏழு வயது. கொஞ்சத் தெரியாத மனிதர், தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்கு எதை எழுதி வைத்தாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். காலையில் சாப்பாட்டு மேசையில் சீட்டை வைத்துவிட்டுப் போவாள். மாலையில் அது சிவப்புக் கோடுகளோடு காத்திருக்கும். அவளுக்குக் கடைசிவரை பிடிபடாதது ஒன்றே ஒன்று. 'ஸ்லோ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்லோலி' வரும், 'ஸ்லோலி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்லோ' வரும். ஆளைச் சொல்கிறதா, அவன் செய்வதைச் சொல்கிறதா என்று பார் என அவர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவார்.

"ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானேப்பா, யாரு வந்தா என்ன?" என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இவர் இன்னொரு தரம் கத்துவார்.

கல்யாணமாகித் தொலைவில் ஓர் ஊருக்குப் போனாள். அந்த வீட்டுத் தொலைபேசி மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் கடிதம்தான் எழுதினாள், அங்கே யாருக்கும் படிக்க வராத ஆங்கிலத்தில். ஏன் என்று இவர் யோசிக்கவே இல்லை. மகளுக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை என்று அச்சகம் முழுக்கப் பெருமையடித்தார்.

ஒரு புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய நாள் பார்த்து அவள் கடிதம் வந்தது. மேசையில் விரிந்திருந்ததும் அதே ஸ்லோ, ஸ்லோலி பாடம்தான். வேலை வேகத்தில் அளவுகோலைக் கடிதத்தின் மேல் வைத்தார். படித்தார் என்று சொல்ல வாய் வரவில்லை, பார்த்தார். கடைசி வாக்கியத்தில் 'குயிக்', அதைக் 'குயிக்லி' ஆக்கினார். அதற்கு மேலே 'பேட்லி', 'லி' என்ற வாலை வெட்டி 'பேட்' ஆக்கினார். 'ஆங்ரி', 'ரஃப்' இரண்டுக்கும் வால் வைத்தார். 'நாலு தவறு. எல்லாம் அதே பாடம். மறுபடி படி' என்று அடியில் எழுதி அன்றைக்கே தபாலில் திருப்பி அனுப்பினார். நாலோடு நின்றதே என்று மனிதருக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கணினியில் பக்கம் கோக்கும் அக்கா, சாப்பிடும்போது, மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். இவர் அந்த நாலு தவற்றையும் ஒப்பித்துவிட்டு, இன்னும் திருந்தவில்லை பாருங்கள் என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சரி சார். பொண்ணு என்ன எழுதியிருந்தா?"

திருத்தியது எதுவும் அவருக்கு மறக்காது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கடிதத்தை மேலிருந்து கீழே சொன்னார். உங்கள் மாப்பிள்ளை என் கையை முரட்டுத்தனமாக முறுக்குகிறார். எதற்கெடுத்தாலும் கோபமாகப் பார்க்கிறார். எனக்கு மனசு சரியில்லை அப்பா. சீக்கிரமாக வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது.

அப்படியே எழுந்து பஸ் ஏறினார். மாமியார் பாதிக் கதவைத் திறந்து, அவள் பெட்டியோடு போய் இரண்டு வாரமாகிறது, உங்களிடம் வரவில்லையா என்றார். மீதியை எதிர்வீட்டு அம்மாள்தான் சொன்னார்.

"தபால்காரர் வர்ற நேரத்துக்குத் தினமும் வாசல்ல நிப்பா. அன்னைக்கு உங்க கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் உள்ள போயிப் பெட்டியை எடுத்துட்டு வந்தா. உங்க கூடத்தான் இருக்கான்னு நினைச்சேன்."

தெரிந்த இடம் ஒன்று விடாமல் தேடினார். பெற்ற வயிறுதான் எரியுமா என்ன, இந்த மனிதருக்கும் எரிந்தது. தினமும் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

ஏழாம் மாதம் கடிதம் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம், தட்டச்சில். வேலை கிடைத்திருக்கிறது, நன்றாகச் செய்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்பட வேண்டாம், தேட வேண்டாம். மேலிருந்து கீழே நாலு தரம் படித்தார். பிறகு அளவுகோலை எடுத்து வந்து, கடைசி வாக்கியத்திலிருந்து மெதுவாக மேலே ஏறினார். பேனாவைத் தொடவில்லை. இவர் திருத்துவதற்கு ஒரே ஒரு இடமாவது விட்டுவைத்திருப்பாள் என்று தேடினார். ஒருநாளும் சரியாக வராத 'வெல்'கூட, 'குட்' என்று மாறாமல், அதன் இடத்தில் இருந்தது. எங்கேயும் ஒரு தவறு இல்லை.