மூன்று பட்டை மாப்பிள்ளை

என் தங்கை வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாக விமானத்தின் வலது பக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் கேப்டன். இவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த பொடியன்களெல்லாம் தோளில் நாலு பட்டை ஏற்றிக்கொண்டு இடது பக்கம் மாறிவிட்டார்கள். இவருக்கு இன்னும் மூன்றுதான். மாப்பிள்ளை பைலட் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான். என் கடைக்கு டயர் மாற்ற வருகிறவன் ஒவ்வொருவனும் "கேப்டன் ஆயிட்டாரா?" என்று கேட்பான். "இந்தா ஆயிடுவாரு" என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. பத்து வருஷமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த குறை அது.

ஆள் ஒல்லி. பேச்சு குறைவு. என் வேனில் ஏறுவதற்கு முன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குனிந்து அடியில் பார்ப்பார். விமானம் கிளம்புமுன் இப்படிச் சுற்றிப் பார்ப்பது துணை விமானியின் வேலையாம். மழை கொட்டினாலும் கேப்டன் உள்ளே உட்கார்ந்திருப்பார். இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கீழே நடப்பார். ஒருநாள் என் பின் டயரில் ஆணி ஏறியிருப்பதைக் காட்டினார். டயர் கடைக்காரன் வண்டியில் ஆணி. கடை ஆட்கள் ஒரு வாரம் என்னைப் பார்த்து இருமிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டிலும் ஒரு கூத்து உண்டு. விமானத்தை ஓட்டுகிற இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாதாம். கெட்டுப்போயிருந்தால் இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்துவிடக் கூடாதே. கேப்டன் கோழி கேட்டால் இவருக்கு மீன். கேப்டன் மீன் கேட்டால் இவருக்குக் கோழி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஓட்டலுக்குப் போனால் என் தங்கை என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் தனக்கு வேறொன்று சொல்வார். "வீட்டுலயும் உங்களுக்கு வலது பக்கம்தானா மாப்பிள்ளை?" என்று சீண்டினால் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

கேப்டன்தான் ஓட்டுவார், இவர் பக்கத்தில் விசிறிக்கொண்டிருப்பார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். போகும்போது ஒருத்தர் ஏற்றி இறக்கினால், திரும்பும்போது இன்னொருத்தர். "ஓட்டுறது ஒண்ணுதான் மச்சான். கடைசி முடிவு அவருது, அவ்வளவுதான்" என்றார். நான் அதை நம்பவில்லை. பரீட்சையில் தவறியிருக்கிறார், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கிறார் என்று நானே ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். ஏழாவது தாண்டாதவன் கணக்கு.

போன வருஷம் மாப்பிள்ளை வேலை பார்க்கும் விமானக் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் காருக்கு நாலு டயர் மாற்ற என் கடைக்கு வந்தார். பைலட்டுகளுக்குப் பதவி உயர்வு பார்க்கிறவரே அவர்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. விடுவேனா? நாற்காலி போட்டு உட்கார வைத்து, எங்கள் மாப்பிள்ளை வாயில்லாப் பூச்சி, தானாக வந்து கேட்கமாட்டார், இப்போது கேப்டன் வேலைக்குத் தயாராக இருக்கிறார், நீங்கள்தான் பார்த்துச் செய்யவேண்டும் என்று சொன்னேன். அவரும் மாப்பிள்ளை பெயரைக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

மூன்று வாரத்தில் மாப்பிள்ளையைக் கேப்டன் வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. கடிதத்துக்குப் பின்னாலேயே தங்கையின் போன்.

"அண்ணே, உன்ன யாரு கேட்டா?" என்றாள். பிறகுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கல்யாணமாகிப் பத்து வருஷம் அவர்கள் குடும்பம் நடத்தியது வாசற்படியில்தான். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டில் தூங்கி, பக்கத்து வீட்டில் பல் தேய்த்து வளர்ந்தன. அப்புறம் துணை விமானிகளின் சீனியாரிட்டிப் பட்டியலில் மாப்பிள்ளை மேலே ஏறி ஏறி முதல் ஆளாக வந்தார். முதல் ஆள் எந்தெந்த நாள் வேண்டும் என்று கேட்கிறாரோ அதுதான் கிடைக்கும். அவள் வேலை நாளைப் பார்த்துத் தன் நாளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார். அவர்கள் சமையலறைக் காலண்டரில் சிவப்பும் நீலமுமாகப் பென்சில் கோடுகள் இருக்கும். பிள்ளைகளின் பரீட்சைத் தேதி என்று நினைத்திருந்தேன். சிவப்பு அவர் வேலை, நீலம் அவள் வேலை. ஒரு கோடும் இல்லாமல் மாதத்தில் ஏழெட்டு நாள் இருக்கும். அன்றைக்கு நாலு பேரும் வீட்டில்.

"கேப்டன் ஆனா கேப்டனுங்க பட்டியல்ல நூத்திப் பன்னெண்டாவது ஆளு அண்ணே. மத்தவங்க எடுத்தது போக மிச்சந்தான்" என்றாள்.

அதோடு முடியவில்லை. கம்பெனி ஒருவரை மூன்று முறைதான் கூப்பிடுமாம். இரண்டு முறை கூப்பிட்டு இவர் வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாவதைப் பத்திரமாக வைத்திருந்தார். நாலு வருஷம் போனால் சின்னவனும் படிப்பை முடித்துவிடுவான், அப்போது நானே வந்து கேட்கிறேன், அதுவரை கூப்பிடாதீர்கள் என்று ஆபீசில் வாய்ச்சொல்லாகச் சொல்லி வைத்திருந்தார். தயாராக இருக்கிறார் என்று நான்தான் சொல்லிவைத்தேன். பத்து நாளில் பதில் வேண்டும். வேண்டாம் என்றால் பெயரை ஒரேயடியாக அடித்துவிடுவார்கள்.

ஒத்துக்கிட்டுப் போங்க, நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போனார். பால்கனியில் பேப்பரை விரித்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். நான் அந்த ஒன்பது நாளும் அவர்கள் தெருப்பக்கமே போகவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவரே கடைக்கு வந்தார். நான் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவும் தோன்றவில்லை, வேலையைத் தொடரவும் கை வரவில்லை. கோபமா மாப்பிள்ளை என்றேன். டயர் அடுக்கின் மேல் தூசு தட்டாமலே உட்கார்ந்தார். சீருடையோடு அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஆசை இல்லைன்னு சொன்னா பொய் மச்சான். ரெண்டு பேருல ஒருத்தர் முடிவெடுக்கணும்னு வரும்போது, நானா இருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு மனசு கேக்காம இருக்குமா? பதினெட்டு வருஷமா கேக்குது."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அடுத்த மாதக் காலண்டரை அவரே வரைந்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டாவது ஆளுக்கு என்ன மிஞ்சும் என்று, போன மாதப் பட்டியலைத் தேடிப் பிடித்து, தனக்குச் சிவப்புக் கோடும் தங்கைக்கு நீலக் கோடும் போட்டுப் பார்த்திருக்கிறார். தாள் முழுக்கக் கோடு. வெறுமையாக இருந்த கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்று மாத ஆரம்பத்தில், ஒன்று கடைசியில்.

"ரெண்டு நாளு" என்றார்.

நான் போய் அந்த அதிகாரியிடம் நடந்ததைச் சொல்கிறேன், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். அதெல்லாம் தானே கேட்டுப் பார்த்துவிட்டதாகவும், ஏட்டில் ஏறியதை மாற்றமாட்டார்கள் என்றும் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, ஒட்டிய ஒரு வெள்ளை உறையை எடுத்தார்.

"எனக்கு இப்ப விமானம் இருக்கு, வர்றதுக்கு நாளைக்கு ராத்திரி ஆயிடும். வேணாம்னு எழுதிட்டேன். நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள இது அங்க போயிடணும். நீங்களே கொண்டுபோய் அவரு கையில குடுத்துடுங்க மச்சான். வேற எதுவும் பேச வேணாம்."

உறை பளிச்சென்று இருந்தது. என் கை முழுக்க கிரீஸ். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரல் இடுக்கில் கறுப்புப் போகவில்லை. மறுபடியும் போட்டேன். அவர் உறையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.