ஊருக்கு ஊர் மாறிய மணல்

என் தம்பி தென்பெண்ணையில், மணல் அள்ளிய பள்ளத்தில் சிக்கிச் செத்தபோது அவன் மகள் கைக்குழந்தை. அவள் வளர்ந்து, அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டால், எதிரே உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் பாட்டாக எழுதி வைத்தேன். "சோரியாங்குப்பம் ஆத்து மணலே, எந்தம்பிய எங்க வச்ச?" என்று எங்கள் ஊர்ப் பேரோடு ஆரம்பிக்கும்.

எனக்கு எழுத வருமே தவிர, பாட வராது. நான் வாயைத் திறந்தால் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். என் பாட்டுகளையெல்லாம் பாடுகிறவன் என் கூட்டாளி, பூரணாங்குப்பத்துக்காரன். திருவிழா, சாவு வீடு என்று மைக் பிடித்துப் பிழைக்கிறவன். பாவி, என்னமாய்ப் பாடுவான்! முதல் தடவை அந்தப் பாட்டைக் கேட்டு நானே தேம்பி அழுதேன்.

ஆனால் எந்த ஊர் மேடையோ அந்த ஊர்ப் பேரைச் சொருகினால்தானே விசில் பறக்கும்? பாகூரில் பாடினால் பாகூர் ஏரி மணல். பிள்ளைச்சாவடிக்குப் போனவன், "பிள்ளைச்சாவடி கடல் மணலே" என்று பாடிவிட்டான். போனில் கத்தினேன்.

"ஆத்துல போனவன கடல்ல தள்ளிட்டியேடா!"

"அங்க ஆறு ஏது மச்சான்? இன்னா கைதட்டு தெரியுமா!"

"அது என் தம்பிடா. ஊருக்கு ஊரு அவன சாவடிக்கிறியே!"

அவன் குரல் இறங்கிப்போனது. "நான் இன்னாடா பண்றது? உங்க ஊர் பேரச் சொன்னா, 'எங்க ஊர் பேரப் போடு'ன்னு கீழ இருந்து கத்துறானுங்க."

அதற்குமேல் அவனைத் திட்ட முடியவில்லை. அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. பிள்ளைச்சாவடியில் யாரோ எடுத்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. எங்கள் கழனியில் நாற்று நடுகிறவர்கள் போனிலும் அதேதான். எழுதியவன் நான், வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த ஆடியில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அவனையே கூப்பிட்டார்கள். ஏழாவது படிக்கும் தம்பி மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்காவது பாட்டு அவள் காதில் சரியாக விழும், இது உன் அப்பாவுக்கு எழுதினது என்று சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவனும் என்னைப் பார்த்தபடியே, எழுதினது எழுதினபடி, "சோரியாங்குப்பம் ஆத்து மணலே" என்று எடுத்தான். கூட்டம் விசிலடித்தது.

அவள் துள்ளி எழுந்து என் கையைப் பிடித்து உலுக்கினாள். "பெரியப்பா, நம்ம ஊருக்காக மாத்திப் பாடுறாரு பாரு! நெசப் பாட்டுல பிள்ளைச்சாவடின்னுதான் வரும்!"

"ஆமாம்மா" என்றேன்.