தங்கை பெயருக்கு ஒரு மணியார்டர்

மார்கழி கடைசியில் தபால் நிலைய வரிசையில் நின்று நான் பட்ட எரிச்சல் கொஞ்சமல்ல. கயிற்றில் கட்டிய பேனா எழுதாது. எழுதினால் ஃபாரம் தீர்ந்திருக்கும். ஆனாலும் நின்றாக வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் ஒரே தங்கைக்குப் பொங்கல் சீர் போக வேண்டும். அப்பா இருந்தவரை கரும்பும் மஞ்சள் கொத்தும் அரிசியுமாக பூதலூரிலிருந்து அவரே சுமந்துகொண்டு போனார். அவர் போன பிறகு என் கையில் அது மணியார்டராகச் சுருங்கியது. பெரிய தொகை இல்லை, ஒரு புடவை எடுக்கலாம்.

ஆனால் அந்தப் பணம் அவள் பெயருக்குப் போகும். தபால்காரர் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மாமியார் எட்டிப் பார்க்க, எதிர்வீடு காது கொடுக்க, அவள் கையெழுத்துப் போட்டு வாங்குவாள். ஃபாரத்தின் அடியில் இருக்கும் சின்ன இடத்தில் நான் நாலு வரி எழுதுவேன்: பசு கன்று போட்டது, சம்பா பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள். பத்து நாளில் அவள் கையெழுத்தோடு ஒப்புதல் சீட்டு எனக்குத் திரும்பி வரும். பார்த்துவிட்டு எங்கேயாவது செருகிவிடுவேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் நிலத்தில் தனக்குள்ள பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "எனக்கு எதுக்குண்ணே நெலம்? பொறந்த வீடுன்னு நீ இருந்தாப் போதும்" என்றாள். பதிவு அலுவலக வாசலில் டீ வாங்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

அதே வருஷம்தான் எனக்கு நல்ல செல்போன் வாய்த்தது. உரக்கடை, டீக்கடை எல்லாவற்றுக்கும் அதிலேயே பணம் அனுப்பப் பழகினேன். பொங்கல் வந்தபோது, இனி எவன் போய் வரிசையில் நிற்பது என்று தோன்றியது. தங்கையிடம் போன் கிடையாது. மாப்பிள்ளையின் நம்பருக்குத் தட்டிவிட்டேன். பச்சை டிக் விழுந்தது. செய்தி எழுத அதிலும் இடம் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். மாப்பிள்ளை ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அடுத்த இரண்டு பொங்கலுக்கும் இதே கதைதான்.

இடையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது தங்கை முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டதற்கு இப்போது வயிறு எரிகிறது போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். சீரை நிறுத்தவில்லை, பேச்சை நிறுத்தினேன். எனக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா?

இந்த வருஷம் அவள் தெருவில் ஒரு துக்கம் விசாரிக்கப் போனேன். பந்தலில் அவளுடைய எதிர்வீட்டு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இந்தக் காலத்துல யாருங்க இப்படிச் செய்யுறா? பொங்கலுக்குப் பொங்கல் மணியார்டர் வந்துச்சுன்னு புதுப் புடவையைக் கொண்டாந்து காட்டும் உங்க தங்கச்சி. அதுக்குத்தான் எவ்வளவு பெருமை!"

மணியார்டரா? நான் அனுப்பி மூன்று பொங்கல் ஆகிவிட்டதே. நேரே அவள் வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள். போனைத் திறந்து மூன்று பச்சை டிக்கையும் காட்டினேன். ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது.

மாப்பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. "மச்சான், சீர் தனியா மணியார்டர்ல வந்துடுச்சுன்னு இவ சொன்னா. நீங்க எனக்கு அனுப்புனது அறுப்புச் செலவுக்கு ஒத்தாசைன்னு நெனச்சு மெஷின் வாடகைக்குக் கொடுத்துட்டேன். மச்சினன்கிட்ட வாங்கித்தான் அறுக்கிறேன்னு இவகிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் என் தங்கை. நடவுக் கூலியில் மிச்சம் பிடித்துத் தானே புடவை எடுத்து, அண்ணன் அனுப்பியது என்று புருஷனிடமும் மாமியாரிடமும் தெருவிலும் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று.

"கையெழுத்து வாங்கியாச்சு, இனிமே இவ எதுக்குன்னு நீ விட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

அப்போதும் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"சீர் வரலையேன்னு எப்படிண்ணே வாய்விட்டுக் கேக்குறது? நீ கேட்டிருக்கலாம்ல, புடவை எடுத்தியான்னு?"

மூன்று வருஷத்தில் நான் கேட்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்ததை மட்டும்தான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. சட்டைப்பையில் இருந்ததை எடுத்து அவள் கையில் திணிக்கப் பார்த்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. இனிமே எதுவும் அனுப்பாத. யாராச்சும் கேட்டா வந்துச்சுன்னே சொல்லிக்கிறேன். எனக்கு அது பழகிடுச்சு."