‘இல்லை’ என்று ஒரு கடுதாசி

வேலை செய்வதற்கு இந்த நாட்டில் நான் பெரிதாக ஒன்றும் எழுதியதில்லை. வேலை இல்லாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு எழுத்து வேலை இருக்கிறது என்பது வேலை போன பிறகுதான் தெரிந்தது. சோமாஜ் காசுக்கு, அதுதான் வேலை இழந்தவர்களுக்குக் கிடைக்கும் உதவிப் பணத்துக்கு, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் இதை வாசித்தால் "அட, எனக்கும் இப்படித்தான்" என்று தலையில் கை வைப்பீர்கள். அலையாதவர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்கள் முறையும் வரும். பதிவதற்கு ஒரு கந்தோர், காசுக்கு ஒரு கந்தோர் என்று இருந்ததை ஒன்றாக்கி, இனி எல்லாம் லேசு என்று சொன்னார்களே, அதற்குப் பிறகு நடந்த கதை இது. லேசுதான். முன்பு இரண்டு வரிசையில் நின்ற சனம் இப்போது ஒரே வரிசையில் நின்றது.

தேத்தண்ணியோடு வந்த பேப்பர்

லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் வெட்டி, கடைசியில் அடுப்புக்கு வந்து சமையல்காரன் ஆனவன். முதலாளியை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். வியாபாரம் படுத்துப்போன ஒரு பின்னேரம் அண்ணை தன் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். ஒன்பது வருடத்தில் அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றியதே கிடையாது. அப்போதாவது என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். "ரெண்டு சமையல்காரரை வைச்சுக் கட்டாது தம்பி, குறை நினையாதை" என்றார். பிறகு பிரெஞ்சில் எழுதிய ஒரு பேப்பரை நீட்டினார். அண்ணைக்கு முன்னால் இருந்துகொண்டு, அவர் தந்த பேப்பரை வரி வரியாக வாசித்துப் பார்ப்பது மரியாதையா? நான் வாசிக்கவில்லை. கையெழுத்தை வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. நான் என் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகியவனாம். நிறுத்தப்பட்டவனுக்குத்தான் காசு, தானாக விலகியவனுக்கு இல்லை. கடிதத்தைக் கொண்டு அண்ணையிடம் ஓடினேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். கணக்கு எழுதுகிறவர் அடித்துக் கொடுத்ததை அவரும் வாசிக்கவில்லையாம். கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "நீ போறாய்தானே தம்பி, அதைத்தானே எழுதியிருக்கு."

வீட்டில் நடந்த விசாரணை

நாங்கள் இருப்பது மார்க்ஸ் டோர்மோயில், லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடியில். என் மனைவி சுகந்தி ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். அவளுடைய சம்பளம் சாப்பாட்டுக்குக் காணும், வாடகைக்குக் காணாது. சோமாஜ் காசு வந்தால் ஆறுதலாகத் தேடி இன்னொரு சமையல் வேலையில் ஏறிவிடலாம். வராவிட்டால், எங்கே கூப்பிட்டாலும் போய் மறுபடி கோப்பை கழுவ வேண்டியதுதான். நாற்பத்து நாலு வயதில், இந்த முதுகு நோவோடு, தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போவதா?

சுகந்தி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். பேப்பரை வாசிக்காமலா கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எங்கடை கலியாணம் பதிஞ்ச அண்டைக்கு மட்டும் மூண்டு தரம் வாசிச்சுப் பாத்துத்தானே கையெழுத்து வைச்சனீங்கள்!"

பதினொரு பேர்

கந்தோரில் என் பைலைப் பார்த்த பெண் நல்லவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். நாலு மாதம் கழித்து மறுபரிசீலனை கேட்கலாம். ஒரு குழு இருந்து பார்க்கும். ஆனால் அந்த நாலு மாதமும் நான் உண்மையாகவே வேலை தேடினேன், கிடைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும். வேலை கேட்டுப் போன இடங்கள் "இல்லை" என்று எழுதித் தந்த கடிதங்கள் இருந்தால் நல்லது.

நான் ஏற்கனவே பதினொரு இடத்தில் கேட்டுவிட்டேன் என்றேன் பெருமையாக. என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒருவர் "பாப்பம்" என்றார். ஒருவர் "குளிர் முடியட்டும்" என்றார். ஒருவர் "உனக்கு இல்லாத வேலையோ, பிறகு எடுக்கிறன்" என்று ரெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டார். உங்களுக்கும் எனக்கும் இதற்கெல்லாம் அர்த்தம் தெரியும். பிரெஞ்சுக்காரிக்கு எப்படித் தெரியும்? அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அப்படியென்றால் பதினொரு பேர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் ஒன்றுக்கும் போகவில்லை."

வெள்ளிக்கிழமை

சரி, கேட்டு வாங்கிவிடுவோம் என்று முதலில் போனது ஒரு பலசரக்குக் கடைக்கு. முதலாளி எனக்குப் பத்து வருடப் பழக்கம். வேலை வேண்டாம் அண்ணை, வேலை இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் அப்போதுதான் சாம்பிராணி காட்டிவிட்டு வந்து கல்லாவில் இருந்தார். கடையில் உப்பே தீர்ந்துபோயிருந்தாலும் "நாளைக்கு வரும்" என்றுதான் சொல்வார், "இல்லை" என்று ஒருநாளும் அவர் வாயில் வராது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விடியக் காத்தாலை கடையுக்கை வந்து இல்லை எண்டு எழுது எண்டுறாய். விசரே உனக்கு?" என்று பாய்ந்தார்.

சனிக்கிழமை போனேன். சாம்பிராணி இல்லை, ஆனால் இப்போது வேறு பயம் வந்திருந்தது. ஒரு கடுதாசியில் கடை முத்திரை விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எந்தக் கந்தோர்க்காரன் வருவானோ என்று யோசித்திருக்கிறார். கடைசியில் எழுந்துபோய் ஒரு பையை நிரப்பிக்கொண்டு வந்து என் கையில் திணித்தார். "இந்தா, ரெண்டு கிலோ கத்தரிக்காய், காசு வேண்டாம். கடுதாசி மட்டும் கேக்காதை."

அழகான பிரெஞ்சு

பயணச்சீட்டு விற்கும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பிரெஞ்சைக் கேட்டால் பிரெஞ்சுக்காரரே எழுந்து நிற்பார்கள். என் கதையைச் சொன்னதும் உடனே கொம்பியூட்டரில் அடித்து, முத்திரை குத்தி, கவரில் போட்டே தந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதம் தெருத் தெருவாக அலைந்தவனுக்குக் கிடைத்த முதல் கடிதம் அல்லவா?

கந்தோர்ப் பெண் அதைப் பிரித்து வாசித்தாள். முகம் மலர்ந்தது. எப்போது அங்கே வேலையில் சேருகிறீர்கள் என்று கேட்டாள். மனிதர், நான் நேர்மையானவன், நல்ல குடும்பத்துப் பிள்ளை, முதல் இடம் காலியானதும் என்னைத்தான் எடுப்போம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். திரும்பப் போய் என்ன ஐயா இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "நம்ம ஆளுக்கு வேலை இல்லன்னு என் கையால எப்படிங்க எழுதுவேன்? மனசு கேக்கலையே."

முதலாளி பெயர்

காசு வராவிட்டாலும், வேலை தேடுகிறவர்கள் மாதாமாதம் கந்தோருக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். இந்த மாதம் வேலை செய்தீர்களா என்று கேட்பார்கள், இல்லை என்றால் இல்லை என்று பதிய வேண்டும். அந்த மாதம் கோயில் தேர். மூன்று நாள் அன்னதானத்துக்கு நான்தான் சாம்பார் வைத்தேன். சும்மாதான், சேவை. ஆனால் கோயில் காரியத்தில் பொய் சொல்லக்கூடாது என்று சுகந்தி ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. "ஓம், வேலை செய்தேன்" என்று பதிந்துவிட்டேன்.

வந்தது வினை. சம்பளத் துண்டு எங்கே, முதலாளி பெயர் என்ன, ஏன் மறைத்தீர்கள் என்று கடிதம். மறுபரிசீலனைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போது என் பைலை அப்படியே நிறுத்திவைத்துவிட்டார்கள். முதலாளி பிள்ளையார் என்று எழுதவா முடியும்? கோயில் செயலாளரிடம் ஓடி, எனக்குச் சம்பளம் தரவில்லை என்று ஒரு கடிதம் தர முடியுமா என்று கெஞ்சினேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, உடனே எழுதினார். "இதுக்கு ஏன் தம்பி கும்பிடுறாய்? சம்பளம் குடுக்கேல்லை எண்டு எத்தினை பேருக்கு வேணுமெண்டாலும் எழுதித் தரலாம், ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லைத்தானே."

லா கூர்னெவில் இருந்து நல்ல செய்தி

பைல் திரும்ப ஓடத் தொடங்கியது. எங்கள் தமிழ் ஆட்களை நம்பிப் பயனில்லை என்று பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவுக்கு ரயில் ஏறினேன். அங்கே பொருட்களை அடுக்கிவைக்கும் பெரிய கிடங்குகள் இரண்டில் மனுக் கொடுத்தேன். வாசலில் நின்ற வெள்ளைக்காரன் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நாலாம் நாள் இரண்டு கடிதங்களும் தபாலில் வந்தன. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருந்துகிறோம், இடம் இல்லை. அச்சடித்த கடிதம், கீழே கையெழுத்து.

நான் படியிலேயே நின்று சத்தம்போட்டுச் சுகந்தியைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து வாசித்துவிட்டு இரண்டையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். எதிர்வீட்டு மொறோக்கோக்கார அம்மா எட்டிப் பார்த்து, வேலை கிடைத்துவிட்டதா, வாழ்த்துகள் என்று என் கையைப் பிடித்தார். இல்லை அம்மா, கிடைக்கவில்லை, அதுதான் சந்தோஷம் என்று விளங்கப்படுத்தப் போய் இன்னும் குழப்பிவிட்டேன். சுகந்தி மட்டும் கணக்காகச் சொன்னாள்: "கடவுளே எண்டு இன்னும் ஒரு கடை இல்லையெண்டு சொன்னால் காணும்."

ராணியக்கா

குழு கூட ஒன்பது நாள் இருந்தது. கிடங்கு வேலை கேட்டதற்கு அத்தாட்சி இருக்கிறது, சமையல் வேலை தேடியதற்கும் ஒன்றாவது வேண்டும் என்று கந்தோர்ப் பெண் சொல்லியிருந்தாள். ராணியக்கா எங்கள் வீட்டுக்குக் கிட்ட கொத்துரொட்டிக் கடை நடத்துகிறவர். வாய் கொஞ்சம் பொல்லாதது. பொல்லாத வாய்தான் "இல்லை" என்று சொல்லும் என்று நம்பிப் போனேன். அவரும் மறுக்கவில்லை. பேப்பரை வாங்கி, மேசையைத் துடைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்தார். குசினிக்குள் போய் ஏதோ அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். பிறகும் எழுதவில்லை. பேனாவை மூடினார்.

"பிள்ளைகுட்டிக்காரனுக்கு இல்லை எண்டு எழுதிப்போட்டு நான் எப்பிடியடா சோறு தின்னுறது? சமையலுக்கு ஆள் இருக்கு. கோப்பை கழுவுறவன் நேற்றோடை நிண்டிட்டான். நாளைக்குத் தொடக்கம் வா, முழுநாள், எல்லாம் பதிஞ்சு தாறன்."

எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் அக்கா, இன்னும் ஒன்பது நாளில் குழு கூடுகிறது, கடிதத்தை மட்டும் தாருங்கள் என்று சொல்ல வேண்டும். மனுசி என்னை நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனம் இரங்கித் தருகிறவரிடம் எப்படி வேண்டாம் என்பது? "ஓம் அக்கா" என்றுவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது ஐந்து மாடியும் அழுதுகொண்டுதான் ஏறினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சுகந்தி விசயத்தைக் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து இருந்தாள். அவளுக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. "கோப்பை கழுவ வேண்டாமெண்டு நாலு மாசம் ஓடி, ஓடின ஓட்டத்திலை நேரா அதுக்குள்ளையே போய் விழுந்திட்டியள்."

கடைசிக் கையெழுத்து

வேலை கிடைத்துவிட்டது என்று அறிவிக்கக் கந்தோருக்குப் போனேன். முழுநேர வேலையில் இருப்பவனுக்கு மறுபரிசீலனை எதற்கு? பைலை மூடினார்கள். அதற்கும் ஒரு பேப்பர், அதிலும் ஒரு கையெழுத்து. இந்தமுறை இரண்டு தரம் வாசித்துத்தான் வைத்தேன். கந்தோர்ப் பெண் எழுந்து நின்று கை கொடுத்தாள். உண்மையான சந்தோஷம் அவளுக்கு. கழுவின தண்ணீரில் என் விரல் எல்லாம் ஊறிச் சுருங்கிக் கிடந்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. "பார்த்தீர்களா, மனம் வைத்துத் தேடினால் கிடைக்கும் என்று நான் சொன்னேன்தானே!"

நாலு மாதம் லா சப்பல் முழுக்கத் தேடியும் "இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்த ஒரு தமிழனை நான் காணவில்லை, நான் முகச்சவரம் செய்கிற கண்ணாடியிலும் காணவில்லை.